அறியாதவரின் பொருள்

தபால் முத்திரை, பழைய நாணயம் சேகரிப்போரின் வரிசையில் இன்று பழைய தனிநபர் கணனிகளைத் தேடிச் சேர்ப்போரும் உள்ளனர். அவர்களுடைய உலகைக் கவனித்து வரும் எனக்கு ஒரு கேள்வி ஓயாமல் எழுகிறது. ஒரு பொருளின் பெறுமதி எனக்குத் தெரியும், அதை வைத்திருப்பவருக்குத் தெரியாது என்றிருக்கையில், வாய் திறவாமல் அற்ப விலைக்கு அதை வாங்குவது நேர்மையாகுமா?

1976இல் ஸ்டீவ் வொஸ்னியாக் வடிவமைத்த அப்பிள்-1 கணனியில் ஏறத்தாழ 200 மட்டுமே செய்யப்பட்டன. விலை 666.66 டொலர். அந்த விலைக்குக் கிடைத்தது பாகங்கள் பொருத்திய ஒரு பலகை மாத்திரமே. பெட்டி, விசைப்பலகை, திரை எல்லாவற்றையும் வாங்கியவரே தேடிக்கொள்ள வேண்டும். 1977இல் அப்பிள்-2 வந்ததும், பழையதைத் திருப்பித் தந்தோருக்குப் புதியதைச் சலுகையில் கொடுத்து, திரும்பி வந்தவற்றை நிறுவனமே அழித்தது. அது அரிதானதற்கு இதுவும் ஒரு காரணம். 2014இல் ஒன்று 905,000 டொலருக்கு ஏலம் போனது.

2015இல், கணவரை இழந்த ஒரு பெண் தனது வீட்டுக் கராஜைத் துப்புரவு செய்து, பழைய மின்னணுப் பொருட்களைக் கலிபோர்னியாவின் மில்பிட்டாஸ் நகரிலுள்ள மீள்சுழற்சி நிலையமொன்றில் இறக்கிவிட்டுச் சென்றார். பற்றுச்சீட்டும் வேண்டாம் என்றார். சில வாரங்களின் பின் பெட்டிகளைப் பிரித்த ஊழியர்கள் உள்ளே ஓர் அப்பிள்-1 இருக்கக் கண்டனர். அதை ஒரு சேகரிப்பாளர் 200,000 டொலருக்கு வாங்கினார். விற்றதில் பாதியைப் பொருள் தந்தவருக்குக் கொடுப்பது தமது வழக்கம் என்ற நிலையத்தார், 100,000 டொலரைக் கொடுப்பதற்காக, பெயர் தெரியாத அப்பெண்ணைச் செய்தி ஊடகங்கள் வழியே தேடினர்.

அப்படியொரு வழக்கம் இல்லாதிருந்தால் அந்தப் பணம் தர்மமா, கடனா?

தர்மம் என்பதற்கு நியாயம் உண்டு. அது அவர் தன் கையாலேயே விட்டுச் சென்ற பொருள். நமது ஷாபிஈ பிக்ஹு நூல்களும், கண்ணாடித் துண்டை இரத்தினம் என்றெண்ணி வாங்கியவனுக்கு, அதிக விலை கொடுத்ததை மட்டும் காரணம் காட்டி வியாபாரத்தை முறிக்கும் உரிமை இல்லை என்கின்றன. விசாரித்து வாங்குவது அவன் பொறுப்பு. சீனன்கோட்டை இரத்தின வியாபாரிகளுக்கு இது நன்கு விளங்கும். சேகரிப்பாளரும் இதையே சொல்வார்: "வருடக்கணக்காகத் தேடிப் பெற்ற அறிவு என்னுடையது. நான் இல்லாவிட்டால் அந்தப் பலகை குப்பையோடு குப்பையாக உடைபட்டிருக்கும்." இதை நான் மறுக்கவில்லை. அறிவும் உழைப்பே, உழைப்புக்குக் கூலி உண்டு.

ஆனால் சரக்குடன் வரும் வணிகக் கூட்டத்தைச் சந்தைக்கு வருமுன் வழியிலேயே எதிர்கொண்டு வாங்குவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவ்வாறு விற்றவர் சந்தைக்கு வந்த பின் வியாபாரத்தை முறித்துக்கொள்ளவும் உரிமை கொடுத்தார்கள். வழியில் நின்று வாங்குபவனும் அலைந்து உழைத்தவன்தான். அவன் பொய் சொல்லாமலும் இருந்திருக்கலாம். எனினும் விற்பவர் விலையறியும் வாய்ப்பைப் பெறுமுன் அவரை முந்திக்கொள்கிறான். கராஜைத் துப்புரவு செய்யும் அந்த விதவைக்குச் சந்தை எங்கே இருக்கிறது? பழைய கணனிகளின் விலை பேசப்படும் இடத்தை அவர் எட்டுவதேயில்லை. அவரைப் பொறுத்தவரை சேகரிப்பாளர் எப்போதும் வழியில் நிற்பவரே.

ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரழி) அவர்களின் குதிரைச் சம்பவத்தை நம்மில் பலர் பயான்களில் கேட்டிருப்போம். 300 திர்ஹத்துக்குப் பேசி முடித்த குதிரையைக் கண்டதும், அது அதைவிடப் பெறும் என்று உரிமையாளரிடம் தாமே கூறி, படிப்படியாக உயர்த்தி 800 கொடுத்தார்கள். முஸ்லிம்கள் அனைவருக்கும் நலன் நாடுவதாக நபியவர்களிடம் பைஅத் செய்திருந்ததே காரணம். அந்த நலன் நாட்டம் எம்மதத்தவருடனான கொடுக்கல் வாங்கலிலும் இருக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

அவர்கள் குதிரையை வாங்காமல் விடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். சேகரிப்பது குற்றமல்ல. "இது நீங்கள் நினைப்பதைவிடப் பெறும்" என்று சொல்லிவிட்டு விலை பேசினால் போதும். அப்படிச் சொல்வதால் சில அரிய பொருட்கள் கைநழுவிப் போகலாம். அந்த இழப்பைத் தாங்கத்தான் வேண்டும். அறிவு எனக்கு என் கூலியைத் தருகிறது. மற்றவரின் அறியாமையை அது எனக்குச் சொத்தாக்குவதில்லை. ஆகவே மில்பிட்டாஸில் அந்தப் பெண்ணுக்கென ஒதுக்கப்பட்ட பாதியை, தேடிப்போய்க் கொடுக்க வேண்டிய கடனாகவே நான் காண்கிறேன்.