ஈசாயின் பிள்ளைகளும் கிளிமூக்குச் சேவலும்

தவக்காலம் நான்காம் ஞாயிறு, முதலாம் ஆண்டு



இன்றைய முதல் வாசகத்தில் இறைவாக்கினர் சாமுவேல் புதிய அரசரைத் தேடிப் பெத்லகேமுக்குப் போகிறார். ஈசாய் தம் பிள்ளைகளை ஒவ்வொருவராக அவர் முன்னால் நடக்கவிடுகிறார். மூத்தவர் எலியாபு நல்ல உயரம், பார்க்கக் கம்பீரம். சாமுவேல் மனத்துக்குள் முதல் பரிசே கொடுத்துவிட்டார். ஏழு பேரும் கடந்துபோன பிறகுதான் தெரிகிறது, ஆண்டவர் தேடிய தாவீது அந்த வரிசையில் இல்லை, ஆடு மேய்க்கப் போயிருக்கிறார் என்று.

திண்டுக்கல் பக்கத்து மக்களுக்கு இந்தக் காட்சியை நான் விளக்க வேண்டியதில்லை. கிளிமூக்கு விசிறிவால் சேவல் கண்காட்சிக்குப் போய்வந்தவர்கள் இந்தக் கோவிலில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். மயில், கீரி, காகம், செவலை என்று நிறத்துக்கொரு பெயரோடு சேவல்கள் வந்து நிற்கும். மூக்கு கிளிக்குப் போல வளைந்திருக்கிறதா, கொண்டை தலையோடு ஒட்டியிருக்கிறதா, விழி வெளுப்பா, வால் விசிறிபோல விரிகிறதா என்று நடுவர் பார்த்துக்கொண்டே வருவார். சேவல்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பாதிரியார் பிரசங்கத்தில் கோழி பேசுகிறாரே என்று சிரிக்காதீர்கள். நம் ஆண்டவரே கோழியைப் பற்றிப் பேசியிருக்கிறார். அதைப் பிறகு சொல்கிறேன்.

கண்காட்சிக்கு ஒரு சேவலைத் தயார் செய்வது எப்படி என்று அதில் ஊறியவர்களிடம் கேட்டுப்பாருங்கள். முதலில் குளியலைப் பற்றிச் சொல்வார்கள். வெதுவெதுப்பான தண்ணீர், குழந்தைகளுக்குப் போடும் ஷாம்பு. இறகு படிந்திருக்கும் போக்கிலேயே, தலையிலிருந்து வால் பக்கமாகத் தடவ வேண்டும். எதிர்த்துத் தேய்த்தால் இறகு முறியும். நுரை துளியும் தங்காமல் மறுபடி மறுபடி அலச வேண்டும். கால் செதிலுக்குள் அடைந்த அழுக்கைப் பழைய பல்துலக்கும் பிரஷ் வைத்து எடுக்க வேண்டும். துண்டால் ஒற்றி, காற்றில் உலர்த்தி, கொண்டையிலும் காலிலும் தேங்காய் எண்ணெய் லேசாகத் தொட்டுவைக்க வேண்டும். இதை முதல்நாள் இரவு செய்ய மாட்டார்கள், இரண்டு மூன்று நாள் முன்னதாகவே முடித்துவிடுவார்கள். காரணம் இருக்கிறது. வாலின் அடியில் சேவலுக்கு ஓர் எண்ணெய்ச் சுரப்பி உண்டு. அதை அலகால் தொட்டுத் தொட்டுத் தன் இறகுகளில் அது தானே பூசிக்கொள்ளும். குளித்ததில் போன அந்த மினுமினுப்பு திரும்ப இரண்டொரு நாள் வேண்டும். நாம் பூசுகிற எண்ணெய் கொண்டைக்கும் காலுக்கும்தான். இறகின் பளபளப்பு சேவலுக்குள்ளிருந்துதான் வர வேண்டும்.

இவ்வளவும் கடைசி வாரத்து வேலை. உண்மையான வேலை அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. முறிந்த இறகு முறிந்ததுதான். அது தானாக உதிர்ந்து புதிது முளைக்கும்வரை எந்தக் கைவைத்தியமும் பலிக்காது. பிடுங்கிவிட்டாலும் புது இறகு முழுதாக வளர ஆறு, எட்டு வாரம் ஆகும். ஆகவே வால் தரையில் உரசாதபடி உயரமான இருக்கை கட்டித் தருகிறார்கள். மற்ற சேவலோடு மோதாமல் தனியே வைக்கிறார்கள். கம்பும் கேழ்வரகும் முட்டையும் கொடுக்கிறார்கள். பேன் அண்டாமல் இருக்கப் புழுதியும் சாம்பலும் போட்டுப் புரளவிடுகிறார்கள். வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி போடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தினமும் கையில் எடுக்கிறார்கள். கைபடாத சேவல் நடுவர் தொட்டதும் படபடவென்று அடித்துக்கொள்ளும், தலையைத் தொங்கப்போடும், அழகு எதையும் காட்டாது. கைக்குப் பழகியது மட்டுமே நிமிர்ந்து நிற்கும்.

குறுக்குவழிக்காரர்களும் இல்லாமல் இல்லை. நிறம் பிசகிய இறகுக்குச் சாயம் பூசுவார்கள், உதிர்ந்த இடத்தில் வேறு இறகை ஒட்டுவார்கள். அனுபவமுள்ள நடுவர் எட்ட நின்று பார்ப்பதோடு விடமாட்டார். சேவலைத் தூக்கி, இறகை விலக்கி, தோலில் பேன் ஊர்கிறதா, நெஞ்செலும்பின் மேல் சதை இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார். கோழிக் கண்காட்சிக்கு எழுதப்பட்ட விதிகள் உள்ள நாடுகளில் இப்படி ஏமாற்றினால் பறவையையே போட்டியிலிருந்து விலக்கிவிடுவார்கள்.

இப்போது வாசகத்துக்கு வருவோம். மனிதர் பார்ப்பது முகத்தை, ஆண்டவர் பார்ப்பது அகத்தை என்ற கருத்தைக் கேட்டதும் நம்மில் சிலருக்கு ஒரு நிம்மதி: அப்படியானால் நான் எப்படி நடந்தாலும் பரவாயில்லை, என் மனசு நல்ல மனசு! நான் அப்படி வாசிக்கவில்லை. இறகை விலக்கித் தோலைத் தொடுகிற நடுவர், தூரத்தில் நிற்கும் நடுவரைவிடக் கடினமானவர். முகத்தைப் பார்ப்பவரை ஒரு நாள் ஒப்பனையில் ஏமாற்றிவிடலாம். அகத்தைப் பார்ப்பவரிடம் மாதக்கணக்கில் வளர்ந்ததுதான் நிற்கும். இன்னொன்றையும் கவனியுங்கள். அதே வாசகம் தாவீது சிவந்த மேனியும் அழகிய கண்களும் உடையவர் என்று சொல்லாமல் விடவில்லை. அழகுக்குத் திருவிவிலியம் எதிரி அல்ல.

நற்செய்தியில் பிறவியிலேயே பார்வையற்ற ஒருவர் சிலோவாம் குளத்தில் கழுவிவிட்டுப் பார்வையோடு திரும்பி வருகிறார். உடனே பரிசேயர்கள் அவரை நிறுத்திவைத்து ஆராய்கிறார்கள். பெற்றோரைக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். கடைசியில் வெளியே தள்ளுகிறார்கள். அவருக்கு அங்கே பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் தள்ளப்பட்டவரை இயேசு தேடிப் போய்க் கண்டுபிடிக்கிறார். திருமுழுக்கில் கழுவப்பட்டு எண்ணெய் பூசப்பட்ட நாமும் யார் கண்ணுக்காக நிற்கிறோம் என்பதை இங்கே யோசிக்கலாம். உயிர்ப்பு ஞாயிறுக்கு உடுப்புத் தைக்கக் கொடுத்துவிட்டீர்கள், சரி. புதுநன்மைக்குப் பந்தலும் ஃபிளெக்ஸும் பேசியாகிவிட்டது, அதுவும் சரி. அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லாமல் எத்தனை வருடம்?

ஆண்டவர் கோழியைப் பற்றிப் பேசினார் என்றேனே, அது மத்தேயு 23-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. எருசலேமை நினைத்துப் புலம்பும்போது, குஞ்சுகளைச் சிறகுக்குள் சேர்க்கும் தாய்க்கோழியோடு தம்மை அவர் ஒப்பிடுகிறார். அடைக்கோழியைப் பக்கத்தில் பார்த்தவர்களுக்கு அதன் கோலம் தெரியும். 21 நாள் முட்டைமேல் உட்கார்ந்து, தீனிக்கும் தண்ணீருக்கும் நாளுக்கு ஒரு தடவை இறங்கினால் அதிகம். உடல் இளைத்துவிடும். கொண்டை வெளிறிவிடும். தோலின் சூடு முட்டைக்கு நேராகப் படவேண்டும் என்பதற்காக நெஞ்சு இறகு உதிர்ந்து வெறுந்தோலாகக் கிடக்கும். அதைக் கொண்டுபோய்க் கண்காட்சி மேசையில் நிறுத்தினால் எந்த நடுவரும் மதிப்பெண் போடமாட்டார். இறைமகன் தமக்குத் தேர்ந்துகொண்ட பறவை அதுதான். நம் வீடுகளிலும் அப்படி வெளிறிப்போன அம்மாக்கள் இருக்கிறார்கள். படுக்கையில் கிடக்கும் மாமியாரைத் துடைத்து எடுக்கும் மருமகள்கள் இருக்கிறார்கள். திருவிழா ஊர்வலத்தில் அவர்களை முன்வரிசையில் நான் பார்த்ததில்லை.

சேவல் வளர்ப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் 1835-இல் சேவல் சண்டையைச் சட்டம் தடை செய்தது. பத்தே வருடத்தில், 1845-இல், லண்டன் விலங்கியல் தோட்டத்தில் கோழிக் கண்காட்சி நடந்தது. ரத்தம் பார்க்கக் கூடிய நாட்டில் இறகைப் பார்க்கவும் கூட்டம் சேர்ந்தது. நீங்கள் கிளிமூக்கை அழகுக்காக வளர்க்கிறீர்கள், சண்டைக்கு விடுவதில்லை, நல்ல காரியம். காலில் கத்தி கட்டிவிடும் பழக்கம் உள்ளவர் யாராவது இங்கே இருந்தால், தவக்காலத்தில் விடவேண்டியவற்றில் அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். கறியை விடுவது அப்புறம்.

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. முறிந்த இறகு முளைக்க அது போதாது என்று தெரியும். ஆனால் கைக்குப் பழகத் தொடங்க அது போதும். தினமும் கொஞ்ச நேரம் வீட்டில் சேர்ந்து செபியுங்கள். பேசாதவரிடம் போய்ப் பேசுங்கள். பிறகு ஒப்புரவு அருளடையாளத்துக்கு வாருங்கள். பெரிய வியாழனுக்கு முந்தின இரவு வரிசை கட்ட வேண்டாம், இந்த வாரமே வாருங்கள். வெள்ளிக்கிழமை மாலை சிலுவைப்பாதை முடிந்ததும் நானும் பக்கத்துப் பங்குத் தந்தையும் உட்கார்ந்திருப்போம். கடைசி ஆள் வரும்வரை எழுந்து போகமாட்டோம்.