வாயிற்படியில் நடுங்கும் உயிர்

ஒரு சிறிய உயிரைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றேன்.

வெள்ளாற்றை ஒட்டிய நம் பெண்ணாடத்தில் ஐப்பசியும் கார்த்திகையும் மழையாய்ப் பொழிந்து கழிந்ததும் மார்கழி வாடை வந்து சேர்கிறது. மலைநாட்டார் இதனைக் குளிர் என்றே ஏற்கமாட்டார். ஆயினும், மழையில் நனைந்து ஈரம் உலராத உடலுக்கும், மெல்லிய மயிருடைய சிற்றுடலுக்கும் இக்குளிரே பெருந்துன்பம். நம் தெருநாய்கள் பலவும் மழைக்காலத்தை ஒட்டி இணைந்து, ஏறத்தாழ 63 நாள் சுமந்து, சரியாக இக்காலத்தில்தான் குட்டி ஈனுகின்றன. விடியற்காலையில் கோலமிட வாயிலைத் திறக்கும் பெண்கள் படியோரத்தில் சுருண்டு நடுங்கும் குட்டியைக் காணாத ஆண்டில்லை.

அதைக் கண்டவுடன் மனத்தில் ஒரு கேள்வி எழும். “நான் அதை அடிக்கவில்லை, கொல்லவில்லை, கொல்லும் எண்ணமும் எனக்கில்லை. குளிர் இயற்கையின் செயல். அதற்கு நான் எவ்வாறு பொறுப்பாவேன்?” கொல்லாமையை உயிரினும் மேலாகப் போற்றும் நமக்கே இக்கேள்வி எளிதில் எழுகிறது. செய்யாமையே முழு அறம் என்று எண்ணிவிட்டால், செய்ய வேண்டியது கண்ணில் படாமல் போய்விடும். ஆதலின் இதனை ஆராய்தல் நம் கடமை.

சமந்தபத்திர ஆசாரியர் இல்லறத்தாருக்கென அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், கொல்லாமை விரதத்துக்கு மாசு கற்பிக்கும் ஐந்து குற்றங்கள் கூறப்படுகின்றன. உறுப்பறுத்தல், கட்டிவைத்தல், வருத்துதல், அளவுக்கு மிஞ்சிச் சுமை ஏற்றுதல், உணவு நீரை மறுத்தல் என்பன அவை. இவ்வைந்தில் ஒன்றேனும் கொலை அன்று. எனினும் இவற்றுள் ஒன்றைச் செய்தவனின் விரதம் பழுதுபட்டதே என்பது ஆசாரியர் கருத்து. கொல்லாதிருத்தல் மட்டுமே அகிம்சை ஆகிவிடாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இவற்றுள் கட்டிவைத்தல் என்னும் குற்றத்தைச் சற்றே உற்று நோக்குக. கட்டில்லாத நாய்க்குக் குளிரை வெல்லும் வழி தெரியும். வைக்கோற்போரின் அடியில் குழி பறித்துக்கொள்ளும். அவிந்த அடுப்பின் சாம்பலில் முகம் புதைத்துப் படுக்கும். மற்றொரு நாயின் வயிற்றோடு ஒட்டிக்கொள்ளும். அதே நாயை நாம் காவலுக்கென்று விரும்பி, கழுத்தில் சங்கிலி பூட்டி, சிமெண்டுத் தரையில் கட்டிவிடுகிறோம். அந்த நொடியில் அதன் வழிகள் யாவும் அடைபடுகின்றன. அதன் பிறகு வீசும் வாடை இயற்கையின் செயலாயினும், அதிலிருந்து விலகிச் செல்ல இயலாமை நம் செயல். ஆகவே வீட்டில் நாய் வளர்ப்போர், “குளிருக்கு நான் என்ன செய்வேன்?” என்று கேட்கும் உரிமையைச் சங்கிலி பூட்டிய அன்றே இழந்துவிடுகின்றனர்.

நம் ஆசாரியர் விரதக் குற்றமாகக் கண்டதை நாட்டின் சட்டமும் பின்னாளில் குற்றமாகக் கண்டது. மாநிலங்களவையில் உறுப்பினராயிருந்த ருக்மிணிதேவி அருண்டேல் அம்மையாரின் முயற்சியே தூண்டுதலாக, 1960ஆம் ஆண்டில் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. நியாயமற்ற நெடுநேரம் மிகக் குறுகிய அல்லது மிகக் கனமான சங்கிலியில் விலங்கைப் பிணித்து வைப்பதும், வளர்ப்பவர் போதிய உணவும் நீரும் தங்குமிடமும் தராமையும் அச்சட்டத்தின்படி குற்றங்களாகும். சட்டம் தண்டனையைக் காட்டித் தடுக்கிறது. அறமோ வினைப்பயனைக் காட்டித் திருத்துகிறது.

சரி, நம்முடையதல்லாத நாய்க்கு என்ன கடமை? இதற்கு விடை, திருத்தக்கதேவர் இயற்றிய சீவகசிந்தாமணியில், குணமாலையார் இலம்பகத்தில் இருக்கிறது. நகரமே நீர்விளையாட்டில் களித்திருந்த நாளில், அந்தணர் உணவைத் தீண்டியது என்னும் காரணத்தால் ஒரு நாய் அடியுண்டு உயிர் துடித்துக் கிடந்தது. அது சீவகன் வளர்த்த நாயன்று. அவனால் அதன் உயிரைக் காக்கவும் இயலவில்லை. எனினும் அவன் விழாவை மறந்து அதனருகே அமர்ந்து, அதன் செவியில் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதினான். அந்நாய் உடல் நீத்துச் சுதஞ்சணன் என்னும் தேவனாயிற்று. பின்னர்க் கட்டியங்காரன் சீவகனைக் கொல்ல முற்பட்டபோது வந்து அவனை மீட்டது.

கைம்மாறு கிடைத்தது என்பதற்காக மட்டும் இக்கதையைப் போற்றுவோமாயின் அதன் பொருளை இழந்தவராவோம். நாயருகே அமர்ந்தபோது சீவகன் பின்வருவது எதனையும் எதிர்நோக்கவில்லை. இறந்துகொண்டிருக்கும் நாய் என்ன திருப்பித் தரும் என்று கணக்கிட்டிருந்தால் அவன் விழாவுக்கே திரும்பியிருப்பான். தீர்த்தங்கரர் இருபத்து நால்வரின் இலாஞ்சனங்களில் எருதும் யானையும் குரங்கும் பன்றியும் பாம்பும் சிங்கமும் உண்டு, நாய் இல்லை. உலக வழக்கிலோ, நாய் என்பது வசைச்சொல். அத்தகைய உயிருக்கும் தேவகதி உண்டு என்று காட்டிய பெருமை நம் காப்பியத்துக்கு உரியது. ஐம்பொறிகளோடு மனமும் உடைய உயிராகவே ஆகமம் நாயை வைக்கிறது. குளிரை அது உணர்கிறது. குளிரிலிருந்து தன்னை மீட்டவரையும் உணர்கிறது.

இனிச் செய்யும் முறையைக் கூறுவேன். இரக்கம் மட்டும் போதாது. அறிவோடு கூடிய இரக்கம் வேண்டும். நாயின் இயல்பான உடல்வெப்பம் நம்மைவிடச் சற்று மிகுதி. ஏறத்தாழ 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். உடல் சிறிதாயின், அதன் எடையை நோக்க வெளிப்பரப்பு மிகுதியாகிறது. ஆதலின் வெப்பம் விரைந்து வெளியேறும். ஒரே திண்ணையில் பெரிய நாய் உறங்கச் சிறிய நாய் நடுங்குவது இதனால்தான். பிறந்து முதல் இரண்டு வாரக் குட்டிக்கோ தன் உடலைத் தானே சூடாக வைத்துக்கொள்ளும் ஆற்றலே போதாது. தாயின் வயிறே அதற்கு அடுப்பு. ஆகவே குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து எடுத்து வருதல் உதவியன்று. தாயோடு சேர்த்து ஒதுக்கிடம் தருவதே உதவி.

குளிர் மேலிருந்து மட்டும் வருவதில்லை. தரையும் உடற்சூட்டை உறிஞ்சும். எனவே போர்த்துவதற்கு முன் கீழே விரித்தல் வேண்டும். ஒரு பழம்பலகை, அதன்மேல் இரண்டு சணல் சாக்கு, அதன்மேல் பருத்திப் பழம்புடவை போதும். நாய் சுருண்டு படுத்துத் திரும்புமளவு சிறிய பெட்டியாயின் அதன் உடற்சூடே உள்ளே தங்கும். பெரிய கூண்டில் தங்காது. வாடை வடக்கிலும் வடகிழக்கிலும் இருந்து வீசுவதால், பெட்டியின் வாய் தெற்கு நோக்கியிருத்தல் நன்று. நனைந்து வந்த நாயை முதலில் துணியால் ஈரம் போகத் துடைத்திடுக. நனைந்த போர்வை, போர்வை இல்லாமையினும் தீது. இரவுண்ணாமை காக்கும் நம் இல்லங்களில், பொழுது சாயுமுன் நாம் உண்ணும் வேளையிலேயே நாய்க்கும் வயிறார உணவிட்டால், அவ்வுணவே இரவில் அதன் உடலுக்குச் சூடளிக்கும்.

ஓர் உயிரைக் காக்கும் முயற்சியில் மற்றோர் உயிர் அழிதல் கூடாது என்பதையும் நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும். சிலர் இரக்கத்தால் நாயருகே கணப்பு மூட்டுவர். அதில் விட்டில்கள் வீழ்ந்து மடியும். நாயின் மயிரும் தீப்பற்றக்கூடும். குளிர் மிகுந்தால் வெந்நீர் நிரப்பி இறுக மூடிய புட்டியைத் துணியில் நன்கு சுற்றி, படுக்கையின் ஒரு பக்கத்தில் மட்டும் வைக்கலாம். சூடு மிகுந்தால் விலகிக்கொள்ள நாய்க்கு மறுபக்கம் வேண்டும். சாக்கை விரிக்குமுன் மெல்ல உதறிப் பூச்சி, எறும்பு உளவோ என நோக்குக. நாள்தோறும் வெயிலில் உலர்த்துவோமாயின் சிற்றுயிர்கள் அதில் சேர்ந்து பெருகா. பின்னர் அவற்றைக் கொல்லும் நிலையும் நேராது. வாகனம் உடையோர், காலையில் அதனை இயக்குமுன் அடியில் குனிந்து பார்த்தல் வேண்டும். இயந்திரத்தின் சூட்டை நாடிக் குட்டிகள் அங்கு ஒண்டியிருக்கும். நடுக்கமும் நின்று, உடல் சில்லிட்டு, தளர்ந்து கிடக்கும் குட்டி பிழைத்துத் தேறிவிட்டது என்று எண்ணற்க. அதுவே பேராபத்து. துணியில் பொதிந்து சிறிது சிறிதாகச் சூடேற்றியவாறு கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லல் வேண்டும். தளர்ந்த நிலையில் வாயில் பாலைப் புகட்டினால் புரையேறி உயிர் போகும்.

நம் கடலூரின் திருப்பாதிரிப்புலியூர், பாடலிபுரம் என்னும் பெயரோடு சமணப் பள்ளி விளங்கிய இடம். கி.பி. 458ஆம் ஆண்டில் சர்வநந்தி முனிவரின் லோகவிபாகம் அங்கு நிறைவெய்தியது. மூவுலகின் அமைப்பையும் அளவையும் கூறும் நூல் அது. மழை நாளில் வழியெங்கும் சிற்றுயிர் மலியும். மிதிபடுமோ என அஞ்சி, நான்கு திங்கள் நடையையே நிறுத்தி ஓரிடத்தில் தங்குதல் நம் முனிவர் மரபு. உலகங்களை அளந்தோரும் எறும்புக்கு வழிவிட்டோரும் வாழ்ந்த மண்ணில் பிறந்த நாம், ஒரு நாய்க்குத் திண்ணையில் இரண்டு முழ இடம் அளந்து தரலாகாதா?

நால்வகைத் தானங்களுள் அபயதானமும் ஒன்று. அதற்குப் பொன் வேண்டா, பொருள் வேண்டா, ஒரு சாக்கும் சிறிது கவனமும் போதும். இம்மார்கழியில் ஒவ்வொரு சாவகர் இல்லத்திலும், விளக்கேற்றும் வேளைக்கு முன், “இன்றிரவு நம் வாயிலில் எந்த உயிர் குளிரில் கிடக்கும்?” என்று ஒருமுறை கேட்டுக்கொள்க. குழந்தைகளைக் கொண்டே அச்சாக்கை விரிக்கச் செய்க. பாடமாய்க் கேட்ட ஜீவதயையை விட, கையால் செய்த ஜீவதயை அவர்கள் நெஞ்சில் நெடுநாள் நிற்கும்.

எல்லா உயிரும் இன்புறுக. அருகன் அறம் வாழ்க!