இறந்தவரின் செக்

பாங்கில் ஒரு விதி உண்டு. கணக்குக்காரர் இறந்துவிட்டார் என்று தெரிந்த பின் அவர் எழுதிய செக் கவுண்டருக்கு வந்தால் பணம் தரக்கூடாது. கையெழுத்து அசல்தான், கணக்கில் பணமும் இருக்கலாம். ஆனால் உத்தரவிட்டவர் இல்லாதபோது உத்தரவும் இல்லை. கமால் ஜும்ப்ளாட்டை நினைக்கும்போது எனக்கு இந்த விதி உறுத்துகிறது.

லெபனானின் ஷூஃப் மலையில், த்ரூஸ் பிரபுக் குடும்பத்தில் 1917ல் பிறந்தவர். நாலு வயது நிறையுமுன் தகப்பனார் கொலையுண்டார். 1949ல் முற்போக்கு சோஷலிஸ்ட் கட்சியைத் தொடங்கினார். காந்தியிடம் மதிப்பு, வேதாந்தம் தேடித் திருவனந்தபுரத்து ஆத்மானந்தரிடம் வந்தவர். ஜனாதிபதி மரோனைட் கிறிஸ்தவர், பிரதமர் ஸன்னி, சபாநாயகர் ஷியா என்று 1943 முதல் நடந்துவந்த மதப் பங்கீட்டை ஒழிக்க நினைத்தவர். 1975ல் உள்நாட்டு யுத்தம் மூண்டபோது ஆயுதமேந்திய இடதுசாரி அணிக்குத் தலைவரும் அவரே.

1977 மார்ச் 16ல் அவரைக் காரில் வழிமறித்துச் சுட்டுக் கொன்றார்கள். சந்தேகம் சிரியாவின் மேல் விழுந்தது. பழி தீர்க்கப்பட்டதோ ஷூஃபின் கிறிஸ்தவ கிராமத்தார் மேல். அந்தக் கொலையில் எந்தப் பங்குமில்லாத நூற்றுக்கு மேற்பட்டவர்களை த்ரூஸ் கூட்டத்தார் கொன்றார்கள்.

இந்தச் சாவுகள் யார் கணக்கில்?

ஜும்ப்ளாட் கணக்கில் இல்லை என்றுதான் வெகுநாள் வாதிட்டு வந்தேன். இறந்தவர் எப்படி உத்தரவிடுவார்? இப்போது அந்த வாதம் எனக்கே போதவில்லை. மலை ஜனங்களுக்கு அவர் சித்தாந்தி அல்ல, தங்கள் குலத்தின் தலைவர். மதப் பங்கீட்டை எதிர்க்கும் பலமே அவருக்கு மதத்திலிருந்து கிடைத்தது. அவர் தனிக்கணக்கு வைத்திருக்கவில்லை. ஒருவர் போனாலும் எஞ்சியவர் நடத்தும் கூட்டுக்கணக்கு அது. கட்சித் தலைமை மகன் வாலிதுக்கும், 2023ல் பேரன் தைமூருக்கும் போனதைப் பார்த்தால் புரியும். அத்தகைய கணக்கு சாவினால் மூடப்படுவதில்லை.

அப்படியானால் அவர் குற்றவாளியா? அப்படிச் சொல்ல மாட்டேன். குற்றம் செய்தவனோடு முடிந்துவிடும். கடன் அப்படியல்ல, விட்டுப்போன சொத்தைத் தொடர்ந்து வரும். ஒரு குலத்தின் விசுவாசத்தை முதலாக எடுத்துக்கொண்டவர், அந்த விசுவாசம் செய்யக்கூடியதற்கும் கடன்பட்டவராகிறார். வேதாந்தம் அவரை அதிலிருந்து விடுவித்திருக்க முடியாது.

அதற்குள் 1983ல் அதே மலையில் இன்னொரு யுத்தம் நடந்துவிட்டது. 2001 ஆகஸ்டில் மரோனைட் முதுபெரும் தந்தை ஸ்ஃபெய்ரை வாலித் முக்தாராவில் வரவேற்றார். கடன் அதனால் அடைபட்டுவிடவில்லை. ஆனால் கடன் உண்டு என்று ஒப்புக்கொள்வது காலாவதியைத் தடுக்கும் என்பதும் எங்கள் விதிகளில் ஒன்று.