குழாயை எடுத்தால் பட்டினி போட்டதாகுமா?



சென்ற மாதம் ஒரு சாயங்காலம், அவஸ்தைப்பூசுதல் கொடுக்க ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். நாற்பது வருஷம் பால்கோவா அடுப்பருகே நின்று பால் கிண்டிய தாயார் அவர். வயிற்றில் வந்த புற்றுநோய் எங்கும் பரவி, இனிக் குணமாக்க வழியில்லை என்று சொல்லி, மூக்கில் உணவுக் குழாயோடு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். நான்கு நாளாய் ஊற்றிய கஞ்சி மேலே திரும்பி வந்தது, வயிறு உப்பியது, மூச்சில் களகளப்பு. இனி உணவைச் சரீரம் ஏற்காது, நிறுத்துவதே நல்லது என்றார் மருத்துவர்.

இராஜபாளையத்து நூற்பாலையில் வேலை செய்யும் மூத்த மகன் வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். “சாமி, ஊருக்கெல்லாம் பால் காய்ச்சினவள். அவளைப் பட்டினி போட்டா அனுப்பச் சொல்கிறீர்கள்?” என்று அழுதார். இரவு பகலாய்ப் பார்த்துக்கொண்ட மகளோ, “ஒவ்வொரு தடவை ஊற்றும்போதும் அம்மா படும் பாடு அண்ணனுக்குத் தெரியாது, சாமி” என்றாள். இருவரும் தாயை நேசித்தவர்களே. ஆனால் மூன்று நாளாய் ஒருவரோடொருவர் பேசவில்லை.

பிரியமானவர்களே, இப்படிப்பட்ட வேளை நம் வீடுகளில் எதற்கும் வரலாம். ஆகையால் திருச்சபை என்ன போதிக்கிறது என்று முன்னதாகவே அறிந்திருப்பது நலம்.

முதலாவது, சாகட்டும் என்ற கருத்தோடு நோயாளிக்கு உணவையும் தண்ணீரையும் மறுப்பது பாவம். செலவு மிஞ்சுகிறது, பார்க்க ஆளில்லை என்பதெல்லாம் அதற்கு நியாயமாகா. குழாய் வழியாய்க் கொடுத்தாலும் உணவு உணவே. பொதுவாக அதைக் கொடுக்கக் கடமையுண்டு என்று பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் 2004 மார்ச் 20ல் போதித்தார். மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் தாதியாயிருந்த அருணா ஷான்பாகை நினைத்துப் பாருங்கள். 1973 நவம்பரில் கொடியவன் ஒருவன் தாக்கியதால் மூளை சேதமுற்று அவர் படுக்கையில் விழுந்தார். அவருக்கு உணவூட்டுவதை நிறுத்தக் கேட்ட மனுவை 2011 மார்ச் 7ல் உச்ச நீதிமன்றம் தள்ளியது. 2015 மே 18ல் அவர் மரிக்கும்வரை, ஏறக்குறைய 42 வருஷம், அந்த மருத்துவமனைத் தாதிகள் அவருக்கு ஊட்டி, கழுவி, காத்தார்கள். ஊட்டியதை அவர் சரீரம் ஏற்றது. ஆகவே அது அவருக்குப் போஷணையாயிருந்தது.

இரண்டாவது, உணவு எதற்காக? போஷிப்பதற்கும் வேதனை தணிப்பதற்குமே. மரணம் நெருங்கும்போது குடல் அடங்கிப் போகிறது. பசியும் பெரும்பாலும் அற்றுப் போகிறது. அப்போது வலிந்து ஊற்றுவது மேலே ஏறி நுரையீரலில் இறங்கலாம், மூச்சு முட்டலாம். சரீரம் ஏற்க முடியாத உணவு நோயாளிக்குப் பயன் தராமல் பாரமானால் அதை நிறுத்த வேண்டும் என்று 2020ல் வெளியான ‘நல்ல சமாரித்தன்’ என்ற உரோமைக் கடிதம் தெளிவாய்க் கூறுகிறது. மட்டுக்கு மிஞ்சிய பாரமான வைத்தியத்துக்கு யாரும் கட்டுப்பட்டவரல்ல என்பதைப் பன்னிரண்டாம் பத்திநாதர் 1957லேயே மருத்துவர்களுக்கு விளக்கியிருந்தார். அப்படி நிறுத்தும்போது நோயாளி பட்டினியால் சாவதில்லை, நோயால் சாகிறார்.

நம் நாட்டுச் சட்டத்திலும் வழியுண்டு. உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9ல், தேறமாட்டாத நோயாளிக்குச் சிகிச்சையை நிறுத்த அனுமதித்து, அதன் முறைகளை 2023 ஜனவரியில் இலகுவாக்கியது. மும்மூன்று மருத்துவர் கொண்ட இரண்டு குழுக்கள் ஆராய வேண்டும் என்பது அந்த முறை. ஆனால் சட்டம் இடங்கொடுப்பதெல்லாம் மனச்சாட்சிக்கும் ஏற்றதாகிவிடாது. “இந்த உணவு இன்னும் இவருக்கு நன்மை செய்கிறதா?” என்று மருத்துவரைக் கேளுங்கள். “நான் முடிக்க விரும்புவது இவர் படும் பாரத்தையா, இவர் உயிரையா?” என்று உங்களையே கேளுங்கள். ஊர் என்ன சொல்லும் என்பது இங்கே கேள்வியே அல்ல.

மூன்றாவது, குழாயை எடுத்தாலும் கடமை முடியாது. வலிக்கு மருந்து கொடுக்க வேண்டும். புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். கையைப் பிடித்துக்கொண்டு செபிக்க வேண்டும். குருவானவரை நினைவு இருக்கும்போதே அழையுங்கள். கடைசிப் பால் ஊற்றும் வழக்கம் நம்மிடம் உண்டு. விழுங்க முடியாதவர் வாயில் ஊற்றினால் புரையேறும். ஈரத் துணியால் உதட்டை நனைத்தால் போதும். சிலுவையில் நம் ஆண்டவர் தாகத்தால் வருந்தியபோது அவர் உதட்டுக்கு எட்டியது காடியில் தோய்த்த கடற்காளான் மட்டுமே. உங்கள் தாய்க்குப் பிள்ளையின் கையே எட்டட்டும்.

அந்த வீட்டில் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது மகன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “நீயே டாக்டரிடம் சொல்லம்மா” என்றார் தங்கையிடம். பூசுதல் முடிந்ததும் குழாய் எடுக்கப்பட்டது. சத்திரப்பட்டியில் நெய்த பேண்டேஜ் துணியைத் தண்ணீரில் நனைத்து, அண்ணனும் தங்கையும் மாறி மாறித் தாயின் உதட்டைத் தொட்டார்கள். மூன்றாம் நாள் விடியற்காலையில், செபமாலை நடுவே, அவர் சமாதானமாய் மரித்தார்.

நன்மரணத்தின் பாதுகாவலரான அர்ச். சூசையப்பரே, அவஸ்தைப்படுகிறவர்களுக்காகவும், அவர்களருகே கண்விழித்திருக்கிறவர்களுக்காகவும் வேண்டிக்கொள்ளும். ஆமென்.

உங்கள் பங்குக் குருவானவர்