காணாத இடிபாடும் கண்ட இடிபாடும்

என்றுமே இருந்திராத ஓர் ஊரின் இடிபாட்டை வரைந்து காட்டுவது பொய்யாகுமா?

பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் கட்டடக் கலைஞர் பலர் இதனைச் செய்தனர். பிரானேசி என்பார் 1743-இல் வெளியிட்ட முதல் தொகுதியிலேயே பண்டை உரோமையின் சாயலில் கற்பனைக் கட்டடங்களும் சிதைவுகளும் நிறைந்திருந்தன. இங்கிலாந்தின் ஜான் சோன் ஒருபடி மேலே சென்றார். தாம் கட்டிய இங்கிலாந்து வங்கி பாழடைந்து கிடப்பது போன்றதோர் ஓவியத்தை அவருக்காக ஜோசப் காண்டி 1830-இல் தீட்டினார். அவ்வங்கியின் பெரும்பகுதி 1920-களில் மெய்யாகவே இடிபடத் தொடங்கியது. இடித்தது காலமன்று, இடப் பற்றாக்குறை!

அரபி இலக்கியம் பயின்றோர்க்கு இது புதிதன்று. அறியாமைக் காலக் கவிஞர், கைவிடப்பட்ட கூடாரத் தடங்களின்முன் ஒட்டகத்தை நிறுத்தி அழுத பின்னரே பாட்டைத் தொடர்வர். இம்ரவுல் கைஸின் புகழ்பெற்ற கஸீதா அவ்வாறு தொடங்குவதே. பிற்காலத்தில் நகர மாடங்களில் வாழ்ந்தோரும் அவ்வழுகையை மரபெனக் கொண்டபோது, அபூ நுவாஸ் அதனை எள்ளி நகையாடினார். மதுவைப் பாடிய அவருடைய போக்கு நமக்கு உடன்பாடன்று. இவ்வொன்றில் மட்டும் நியாயம் அவர் பக்கமே.

பெரம்பலூர்ப் பகுதியில் முப்பதாண்டுகளாக அக்கவிதைகளைப் பாடம் சொல்லி வருகிறோம். “நம் பக்கத்தில் இடிந்த ஊர் எதையேனும் பார்த்திருக்கிறீர்களா, ஹஜ்ரத்?” என்று மாணவர் ஒருவர் வினவியபோது நம்மிடம் விடையில்லை. ரஞ்சன்குடிக் கோட்டையைப் பேருந்துச் சன்னல் வழியே கண்டதோடு சரி.

வெட்கத்தோடு அம்மாணவரையே அழைத்துக்கொண்டு அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரம் சென்றோம். பெருங்கோயில் நிற்கிறது. சற்றுத் தொலைவில் மாளிகைமேட்டில், முதலாம் இராசேந்திரனின் அரண்மனை இருந்த இடத்தில், செங்கல் அடித்தளங்களே எஞ்சியுள்ளன. 1980 முதல் நடந்த அகழாய்வுகளில் கூரை ஓடுகளும் இரும்பு ஆணிகளும் சீனப் பீங்கான் துண்டுகளும் கிடைத்தன. அங்கு நின்று நாமும் கற்பனைதான் செய்தோம். ஆனால் ஆணி இருந்ததால் மரவேலை இருந்தது என்றோம். ஓடு இருந்ததால் கூரையை எழுப்பினோம். அதற்குமேல் ஒரு மாடம் எழுப்ப மனம் துணியவில்லை.

பிரானேசியைப் பொய்யர் என்று நாம் சொல்ல மாட்டோம். கற்பனையைக் கற்பனை என்று அறிந்தே மக்கள் வாங்கினர். நம்மை உறுத்துவது வேறு. அத்தகைய இடிபாடு நம்மிடம் எதையும் கேட்பதில்லை. உருகிவிட்டு எழுந்து போகலாம். காண்டியின் ஓவியத்திற்கு ஆறே ஆண்டுகள் கழித்து, 1836-இல், கொள்ளிடத்தில் கீழணை கட்டுவதற்காகக் கோயில் மதிலின் கருங்கற்களைப் பெயர்த்துச் சென்றனர் ஆங்கிலப் பொறியாளர். அணை உழவர்க்கு நீர் தந்தது. அதனை மறுப்பது நன்றிகேடு. ஆயினும் படத்துச் சிதைவுக்கு உருகிய அதே நாட்டார், நிலத்தில் நின்றதைக் கற்குவியலாகவே கண்டனர். முப்பதாண்டுகள் பாடத்தில் உருகிவிட்டு ரஞ்சன்குடியைக் கடந்து போன நாமும் அவர்களைக் குறை கூறத் தக்கவர் அல்லோம். பூமியில் பயணம் செய்து முன்னிருந்தோரின் முடிவைக் காணுமாறு திருமறை பணிப்பதை எத்தனை முறை ஓதியிருப்போம்!

திரும்பும் வேளையில் மாணவர் சட்டைப் பையிலிருந்து ஓர் ஓட்டுத் துண்டை எடுத்துக் காட்டினார். நினைவுக்காக எடுத்தாராம். அமானிதம் என்றோம். அவரும் மறுக்கவில்லை. எடுத்த இடம் எதுவென்று இருவருமாக நெடுநேரம் தேடினோம்.