மொகல் தெருக் கூட்டல்

எங்கள் தெருமுனையில் ஒரு பர்மியப் பெண்மணி விடிகாலையிலேயே பானை கழுவ வந்துவிடுவார். மரப்பலகையில் இரண்டு மண்பானைகள், மேலே அலுமினிய மூடி, அதன்மேல் கவிழ்த்து வைத்த குவளை. நேற்று மிஞ்சிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவார். கையை முழங்கை வரை உள்ளே விட்டு, தேங்காய் நாரால் பாசியைத் தேய்த்தெடுப்பார். பானையை நிரப்பி மூடிவிட்டு வீட்டுக்குள் போய்விடுவார். அதில் யார் வந்து குடிக்கிறார்கள் என்று நின்று பார்த்ததில்லை. புண்ணியத்தை இங்கே 'குத்தோ' என்பார்கள். கொடை மனத்தில் உலகிலேயே முன்னால் நிற்கும் நாடு என்று 2014 முதல் 2017 வரை ஆண்டுதோறும் மியன்மாரின் பெயர் வந்தது. இந்தப் பானையைப் பார்த்து வளர்ந்த எனக்கு அதில் வியப்பில்லை.

நான் யாங்கோனின் பபேடான் பகுதிக்காரன். காளியம்மன் கோயில் மணி, சூலியா பள்ளிவாசல் பாங்கு, 26-ஆம் தெருவின் யூதக் கோயில், எல்லாம் நடை தூரத்தில். இன்று ஷ்வே பொன்தா என்கிற தெருவை என் தாத்தா கடைசி வரை மொகல் தெரு என்றுதான் சொன்னார். அங்கே செட்டியார்களின் வட்டிக்கடைக் கூடமான கிட்டங்கி ஒன்றில் அவர் கணக்கெழுதினார். நீண்ட கூடம், ஆளுக்கொரு பெட்டி, ஒரு சாய்மேசை, உட்காரப் பாய். ராத்திரி ஐந்தொகை ஒத்துவராமல் யாரும் படுக்கப் போக மாட்டார்கள். பொய் எழுதாத கை என்று தாத்தாவுக்குப் பெயர்.

1930-இல் உலக மந்தம் வந்து நெல் விலை சரிந்தது. கடன் வாங்கிய உழவர்களால் வட்டி கட்ட முடியவில்லை, அசலைப் பற்றிப் பேச்சே இல்லை. கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் அந்த ஆண்டில் நூற்றுக்கு 6, 1937-இல் 25. அவர்கள் நிலத்துக்கு ஆசைப்பட்டவர்கள் அல்லர், பணம் திரும்பினால் போதும் என்றிருந்தவர்கள். உள்ளூர் வட்டிக்காரர்களைவிடக் குறைந்த வட்டிக்குக் கொடுத்தவர்களும்கூட. லாபத்தில் மகமை எடுத்துவைத்துக் கோயில் கட்டினார்கள். பத்திரம் பிசகில்லை, வட்டி பிசகில்லை. ஆனாலும் பாட்டன் காலத்து வயல் கைமாறிப் போனதைக் கண்டவனுக்கு அந்தப் பிசகின்மை என்ன ஆறுதல் தந்திருக்கும்?

தாத்தா ஒரு நாளைப் பற்றி மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார். நிலத்தை எழுதிக் கொடுக்க ஓர் உழவன் வந்திருக்கிறான். கைநாட்டு வைத்துவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கேட்டிருக்கிறான். தாத்தா தலை நிமிராமல் மூலையிலிருந்த பானையைக் கைகாட்டியிருக்கிறார். நிமிர்ந்தால் கூட்டல் விட்டுப்போகும். "கூட்டல் சரியா வந்துச்சுடா தம்பி. அவன் முகந்தான் ஞாபகமில்ல" என்பார். 1942-இல் ஜப்பானியக் குண்டுக்குப் பயந்து லட்சக்கணக்கானோர் இந்தியாவை நோக்கிக் காட்டு வழியாக நடந்ததையும், 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் ஒரே நாளில் வெறும் தாளானதையும் பார்த்தவர் அவர். சாகும்வரை அவரை அரித்தது அந்த முகம்தான்.

சிறுவயதில் இது கிழவரின் புலம்பலாகத்தான் பட்டது. கொரோனா காலத்தில் எனக்கே நடந்தது. பக்கத்துச் சந்தில் தையற்கடை வைத்திருந்தவருக்குக் கைமாற்று கொடுத்திருந்தேன். சொன்ன தேதியில் போய்க் கேட்டேன். குரலை உயர்த்தவில்லை, வட்டியும் கேட்கவில்லை. மறுநாள் முழுத் தொகையையும் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு வாரம் கழித்து அந்தப் பக்கம் போனபோது தையல் மெஷின் இருந்த இடத்தில் நான்கு கால்களின் தடம் மட்டும் சிமெண்டுத் தரையில் வெளுத்துக் கிடந்தது.

யார் கேட்டாலும் என் பக்கம் நியாயம் என்றுதான் சொல்வார்கள். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. தப்பு செய்திருந்தால் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். செய்தது சரி என்கிறபோது எதற்கென்று போய் நிற்பது? நியாயம் நம் பக்கம் இருக்கிற நேரத்தில்தான் எதிரே நிற்கிறவரை நாம் பார்க்க மறக்கிறோம். 'இப்போது உங்களுக்கு முடியுமா அண்ணே?' என்ற ஒரு கேள்வி போதுமாக இருந்தது. நான் தேதியைத்தான் பார்த்தேன்.

போன மாதம் பானைக்காரப் பெண்மணி ஊருக்குப் போனார். அந்தப் பத்து நாளும் நான் கழுவினேன். பாசி லேசில் போவதில்லை. அடிப்பக்கம் கைக்கு எட்டாமல் வழுக்கும். நான்காம் நாள், மூடியை வைத்துவிட்டுத் திரும்பியபோது தையற்காரர் எதிரே வந்துகொண்டிருந்தார். பக்கத்துத் தெருவில் கூலிக்குத் தைக்கிறாராம். நின்று, குவளையை எடுத்து மொண்டு குடித்தார். இந்த முறை அவர் முகத்தை நன்றாகப் பார்த்தேன். "தண்ணி ஜில்லுன்னு இருக்கு தம்பி" என்று சொல்லிவிட்டு, குவளையைக் கவிழ்த்து வைத்துவிட்டு நடந்தார்.