நாவும் நியாயமும்

பெருநகர்களின் உயர்தர உணவுச்சாலைகளில், பத்துப் பன்னிரண்டு சிறு தட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கொணர்ந்து, ஒவ்வொன்றிலும் இரண்டொரு கவளமே அளிக்கும் விருந்துமுறை ஒன்று உண்டு. பசித்தோர் நிறைந்த உலகில் நாவை இவ்வளவு நுணுக்கமாகப் பழக்குதல் தகுமா? ரிங்லெட் மலைச்சாரலில், தேயிலைத் தோட்டத்துக் கிராணி வேலையினிடையே இக்கேள்வி நமக்கு எழுந்தது.

கூர்ந்து நோக்கின், அம்முறையின் உட்கருத்து ஆடம்பரமன்று. ஜப்பானில் 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சென் நோ ரிக்யூ என்னும் தேநீர் ஆசான் போற்றிய உணவு மிக எளியது. தேநீருக்கு முன் உண்ணும் ஒரு சாறும் சில கறிகளுமே அது. அதன் வழிவந்த கைசெக்கி விருந்தின் சாயல், 1970-களில் பிரான்சு நாட்டுப் புதிய சமையலிலும் படிந்தது. அளவைக் குறைத்துக் கவனத்தைப் பெருக்குதலே அதன் நோக்கம். வன்சுவை முந்தின் மென்சுவை மறைந்துபோம். ஆதலின் வரிசை வேண்டியதாயிற்று. நமது வாழையிலையிலும் குழம்பு, ரசம், மோர் என்னும் முறை இல்லையா?

தேயிலையின் தரம் பார்க்கும் மேசையும் இத்தகையதே. வெண்கிண்ணங்கள் வரிசையாக நிற்கும். நூறு மில்லிலிட்டர் கொதிநீருக்கு 2 கிராம் தூள், ஊறுவதற்கு 6 நிமிடம் என்பது உலகத்தார் ஒப்பிய கணக்கு. தரம் பார்ப்பவர் ஒலியெழ உறிஞ்சி, உமிழ்ந்து, அடுத்த கிண்ணத்திற்குச் செல்வார். ஆங்கிலக் கல்வி கற்ற நாம், இவ்வறிவு அவர் போன்றோர்க்கே உரியதென்று நெடுநாள் எண்ணியிருந்தோம்.

இன்று கொழுந்து பறிப்போருள் பெரும்பாலோர் வேற்று நாட்டார். எஞ்சியுள்ள தமிழ்ப் பெண்டிருள் முதியவர் ஒருவருக்கு, ஒருநாள் மிஞ்சிய தேநீரை அளித்தோம். ஒரு மிடறு பருகிய அவர், "முத்தின இலை கலந்திருக்குங்க, கிராணி ஐயா. எடைக்குக் கூலின்னா கை இப்படித்தான் ஓடும்" என்றார். தரம் பார்த்தவர் எழுதிய குறிப்பும் 'முற்றிய இலை' என்பதே. ஆயின் அதில் காரணம் இல்லை. அந்த எடைப் பேரேட்டை நாள்தோறும் எழுதுவது நமது கையே என்பதை நினைந்து நாணினோம்.

ஆகவே, சுவைத்தல் குற்றமன்று. பாதியில் நின்றுவிடுதலே குற்றம். தட்டு சிறிதாயிருப்பது முழுக் கவனத்தின் பொருட்டெனில், அக்கவனம் நாவோடு முடிந்துவிடலாகாது. விளைத்த கையையும், அக்கைக்குரிய கூலியையும் அது எட்டுதல் வேண்டும். அங்ஙனம் எட்டாத நா எத்தனை பண்டங்களின் பெயரை அறிந்திருப்பினும், அறிந்தது சொற்பமே.

தரக்குறிப்பைப் படியெடுத்து மேலிடத்துக்கு அனுப்புவது நமது வேலை. அன்று முதல் அம்மூதாட்டி கூறிய காரணத்தையும் அதன்கீழ் ஒரு வரியாக எழுதி வருகிறோம். மறுமொழி இன்னும் வரவில்லை. எழுதுவதை நாம் நிறுத்தவுமில்லை.